மாஷாவின் தொப்பி

கரடி தன் தோட்டத்தில் கேரட் போட்டிருக்கிறது. முயல் வந்து வந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. மாஷா என்கிற வாண்டு ஒரு பழைய தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு காவலுக்கு நிற்கிறாள். கதை இவ்வளவுதான். ‘மாஷாவும் கரடியும்’ ரஷ்ய கேலிச்சித்திரத் தொடரில் 2010இல் வந்த பகுதி இது. ஓடுவது சுமார் ஏழு நிமிடம். நம் பிள்ளைகள் இதை யூடியூப்பில் எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்று கணக்குச் சொல்ல முடியாது. மலேசியாவில் கைப்பேசி இருக்கும் வீட்டில் மாஷாவும் இருக்கிறாள். இதே தொடரில் மாஷா கஞ்சி காய்ச்சும் பகுதி மட்டும் உலகம் முழுக்க 400 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது.

சிரிப்புக்குக் குறைவே இல்லாத பகுதிதான். ஆனால் அந்தத் தொப்பி சும்மா ஒரு தொப்பி இல்லை. சோவியத் காலத்து எல்லைக் காவலரின் தொப்பி. பச்சைத் தலை, நெற்றியில் சிவப்பு நட்சத்திரம். பகுதியின் ரஷ்யத் தலைப்பை ‘எல்லை பூட்டியிருக்கிறது’ என்று சொல்லலாம். ஸ்டாலின் காலத்தில் சுவரொட்டியிலும் பள்ளிக்கூடத்திலும் புழங்கிய கோஷம் அது. எல்லைக் காவலர் என்றால் அன்றைய பிள்ளைகளுக்குக் கதாநாயகர். நிகிதா கரட்சுப்பா என்று ஒருவர், தூரக் கிழக்கு எல்லையில் நாயோடு ரோந்து போய் ஊடுருவியவர்களைப் பிடித்தவர், அந்தத் தலைமுறைக்குப் பாடப்புத்தக வீரர். மாஸ்கோவில் ‘புரட்சிச் சதுக்கம்’ சுரங்க ரயில் நிலையத்தில் எல்லைக் காவலரும் நாயுமாக ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, 1938இல் திறந்த நிலையம். பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் அந்த நாயின் மூக்கைத் தடவிவிட்டுப் போவதால் மூக்கு மட்டும் தேய்ந்து தங்கம்போல மின்னுகிறது. இன்றும் மே 28 எல்லைக் காவலர் நாள். அன்றைக்கு வயதான ஆண்கள் பச்சைத் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பூங்காக்களில் கூடுவார்கள்.

ஆகவே ரஷ்யத் தகப்பன் ஒருவன் தன் பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் பார்த்தால் அவனுக்கு இரட்டைச் சிரிப்பு. பிள்ளை முயலைப் பார்த்துச் சிரிக்கும். அவன், தாத்தா வைத்திருந்த தொப்பி ஒரு பொடிசின் தலைக்கு வந்துவிட்டதைப் பார்த்துச் சிரிப்பான். நாட்டையே பூட்டி வைத்த கோஷம் கடைசியில் கேரட் பாத்திக்குக் காவல் நிற்கிறது. இதை நையாண்டி என்றும் படிக்கலாம், பாசம் என்றும் படிக்கலாம். எடுத்தவர்களுக்கே அது இரண்டுமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லையின் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. எஸ்டோனியாவில் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், உலகம் பயந்த ரஷ்யக் கரடியை இந்தத் தொடர் செல்லக் கரடியாக மாற்றிக் காட்டுகிறது என்றார். 2018 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ இந்தத் தொப்பியைப் பற்றியே எழுதியது. மாஷாவின் துடுக்கில் புடினின் சாயல் தெரிகிறது என்று பிரிட்டிஷ் பேராசிரியர் ஒருவர் அதில் சொல்லியிருந்தார். செய்தி உலகம் சுற்றியது, பலரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேரட்டில் என்னய்யா அரசியல், குழந்தைகளை விட்டுவைக்கக் கூடாதா என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நாட்டில் பிறந்த எல்லாமே அந்த நாட்டு அரசாங்கத்தின் குரல் என்று எடுத்துக்கொண்டால் எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கதையும் சொல்ல முடியாது. மலேசியா சோவியத் ஒன்றியத்தோடு தூதரக உறவு தொடங்கியதே 1967இல்தான். அதுவரை நமக்கு ரஷ்யா என்பது அரசியல் மட்டும்தான். அந்தப் பெயரோடு ஒரு சமோவாரும் தலைமுண்டு கட்டிய சிறுமியும் சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்ற கரடியும் சேர்ந்து ஞாபகத்துக்கு வருவது எனக்கு நல்ல மாற்றமாகவே படுகிறது.

ஆனால் கேள்வி அந்தப் பேராசிரியர் சொன்னது சரியா என்பது இல்லை. ஒரு நகைச்சுவையின் குற்றமற்ற தன்மை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. எடுத்தவன் மனதிலா, சிரிக்கும் குழந்தையின் மனதிலா, அல்லது வேலிக்கு எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதிலா?

இந்தக் கேள்வியை எனக்குக் கொண்டுவந்தவர் அப்பா. கிள்ளானில் தம்பி வீட்டில் இருக்கிறார், வயது எண்பத்து நான்கு. தம்பியின் கடைசி மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தாத்தா மடியில் சாய்ந்துதான் மாஷா பார்ப்பாள். அன்றைக்கு இந்தப் பகுதி ஓடியது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இந்தத் தொப்பிய யாரு பிள்ளைக்குப் போட்டுவிட்டது?”

“தாத்தா, மாஷா போலீசு!”

“போலீசு இல்லம்மா. இது பிந்தாங் தீகா.”

பிந்தாங் தீகா என்றால் மூன்று நட்சத்திரம். ஜப்பான்காரன் காலத்தில் காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுப் படையின் தொப்பியில் மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று இனங்களுக்காக. ஜனங்கள் அந்தப் படையையே நட்சத்திரத்தின் பெயரால் அழைத்தார்கள். சோவியத் தொப்பிக்கும் அதற்கும் வடிவத்தில் ஒற்றுமை கிடையாது, நாடும் வேறு. அப்பாவுக்குத் தெரிந்தது நட்சத்திரம் ஒன்றுதான்.

அவர் பிள்ளையாக இருந்தது காஜாங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலையில்தான் எடுத்தார்கள். பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் அடைத்த கதை எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து லயங்களையும் ஒன்றாக நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கே அவ்வளவாகத் தெரியாது. காட்டில் இருப்பவனுக்குச் சோறு போகக் கூடாது. அதுதான் திட்டம். காலையில் பெரட்டு முடிந்து பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். அரிசி ரேஷன். செமினியில் பெண்களைச் சோதித்த விதம் பெரிய புகாராகி 1956இல் விசாரணையே நடந்தது. ராத்திரி ஒரு தொப்பி வந்து அரிசி கேட்கும், பகலில் இன்னொரு தொப்பி வந்து அரிசியைத் தேடும் என்பார் அப்பா. இரண்டுக்கும் பயந்தவர் என் பாட்டி.

சாப்பாடு, வேலி, தொப்பி, திருட்டுத்தனமாக நுழைகிறவன், பிடிக்கிறவன். ஏழு நிமிடக் கேலிச்சித்திரத்தில் இருப்பது அச்சாக அதே சாமான்கள். மாஸ்கோவில் உட்கார்ந்து படம் வரைந்தவர்களுக்குக் காஜாங் தோட்டம் தெரிந்திருக்க வழியில்லை, அவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. தொப்பியை எடுத்துவிட வேண்டும், இந்தப் பகுதியைத் தடை செய்ய வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அப்பாவும் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வருவது இதுதான்: கதை வேலிக்கு உள்ளேயிருந்து சொல்லப்படுகிறது. நாம் மாஷாவோடு நின்று சிரிக்கிறோம். முயலுக்குப் பசியா, அதன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பு போய்விடும். சிரிப்புக்கு இதயம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வேண்டியிருக்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் 1900இல் எழுதினார். சரிதான். ஆனால் எப்போதும் ஒரே ஆளைப் பார்த்து மரத்துப்போனால்?

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ‘உப்பின் இப்பின்’ 2007இல் ஒரு நோன்பு மாதத்தில் டிவி9இல் தொடங்கியது. தயாரித்த லெஸ் கோப்பாக் நிறுவனம் ஷா ஆலமில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். கம்போங் டுரியான் ருந்தோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அங்கள் முத்து நம் ஆள். அவர் மகன் ராஜூ. தமிழ்க் குழந்தைகள் திரையில் தங்களை எப்போதாவதுதான் பார்த்த நாட்டில் இதுவே பெரிய விஷயம். முத்து நல்ல மனிதர், கிராமமே அவரிடம் பிரியமாக இருக்கிறது, தீபாவளிக்கு எல்லாரும் வருகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வரையப்பட்ட கதாபாத்திரம் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அவர் வாயைத் திறந்தவுடன் சிரிப்பு வர வேண்டும் என்று ஏற்பாடு. தமிழ் இழுவையோடு வரும் மலாய்தான் அங்கே நகைச்சுவை.

அதே தொடரில் ஜார்ஜிட் சிங் என்ற பஞ்சாபிப் பையனைப் பாருங்கள். நினைத்த நேரத்தில் பந்துன் கட்டிச் சொல்வான். பந்துன் மலாய்க்காரர்களின் சொந்தக் கவிதை வடிவம். அதை எடுத்து வைத்துக்கொண்டு கிண்டல் செய்கிறவன் ஒரு சிங் பையன்! பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் சிரிப்பை உண்டாக்குகிறவன் அவன். ஜார்ஜிட் ஜோக் சொல்கிறான், முத்து ஜோக்காக இருக்கிறார். இருவரும் சிறுபான்மைதான், ஒரே ஸ்டுடியோவில் பிறந்தவர்கள்தான். பிறகு வந்த ‘போபோய்போய்’ தொடரின் கோபாலும் முத்து பக்கம்தான் என்பேன். பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன், அவனுக்குக் கிடைத்த அதிசய சக்திகூட பொருள்களைத் தின்பண்டமாக மாற்றுவது. பிள்ளைகளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பிடிப்பதால் கேள்வி இல்லாமல் போகாது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் அக்கா மகனைக் காட்டுவேன். தேசியப் பள்ளியில் படித்தவன். மலாய் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு, அவன் பேசுவதைத் திரை போட்டுக் கேட்டால் யாராலும் இனம் சொல்ல முடியாது. முதல் வகுப்பிலேயே அவனுக்கு ‘அங்கள் முத்து’ என்று பெயர் விழுந்தது. முதல் வாரம் அழுதான். இரண்டாவது மாதம் அவனே அந்த இழுவையைப் பேசிக் காட்ட ஆரம்பித்தான். வகுப்பே சிரித்தது, நண்பர்கள் கிடைத்தார்கள். தன் நாக்கில் இல்லாத ஒரு குறையை ஆறு வயதில் படித்துக்கொண்டு, அதைக் கொடுத்து நட்பை வாங்கினான். இப்போது பத்தொன்பது வயது. புதிய இடத்துக்குப் போனால் இன்னும் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறான். அக்காவுக்கு அது பெருமை. “எவ்ளோ நல்லா காமெடி பண்றான் பாரு!” என்பாள். எனக்கு அதைக் கேட்கும்போது தொண்டை அடைக்கும்.

கரட்சுப்பாவின் நாய்க்கு வருகிறேன், தொடர்பு இருக்கிறது. புகழ்பெற்ற அந்த எல்லை நாயின் பெயர் ‘இந்துஸ்’. ரஷ்ய மொழியில் இந்தியன் என்று அர்த்தம். 1950களில் சோவியத் ஒன்றியமும் இந்தியாவும் நெருங்கிய பிறகு, இந்தியர் மனம் கோணக் கூடாது என்று அச்சில் ‘இங்குஸ்’ ஆக்கிவிட்டார்கள் என்பது ரஷ்யாவில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஒரே ஒரு எழுத்து. நாய்க்கு இந்தியன் என்று பெயர் வைத்தபோதும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, பிடித்த நாய்க்குப் பிடித்த பெயர், அவ்வளவுதான். ஆனால் பெயர் எப்போது உறுத்தியது? இந்தியாவுக்கு ஒரு பிரதமரும் ஒரு தூதரும் வந்தபோது. கேலியின் எடை கேலியில் இல்லை. எதிரே இருப்பவன் திருப்பிக் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறானா என்பதில் இருக்கிறது. அங்கள் முத்துவுக்குத் தூதரகம் கிடையாது.

சரி, நாம் முயல் மட்டும்தானா? இதைக் கேட்காமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்த வாழையிலைக் கடைக்கும் போய்ப் பாருங்கள். சாம்பார் வாளியோடு வருகிறவர் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர். நம்மிடம் வேலை செய்தே நம் மொழியைப் படித்துக்கொண்டவர். “இன்னும் கொஞ்சம் சோர் வேணுமா?” என்று அவர் கேட்டதும் மேசையில் ஒருவர் அதே குரலில் “சோர் வேணாம், கொளம்பு வேணும்” என்பார். மேசை சிரிக்கும், அவரும் சிரிப்பார். என் அக்கா மகன் வகுப்பில் சிரித்தது இதே சிரிப்புதான். உள்ளூர்த் தமிழ் மேடை நகைச்சுவையில் ‘பங்ளா’ வந்தால் கைத்தட்டலுக்குக் குறைவில்லை. முத்துவின் மலாயைப் பற்றி வருத்தப்படும் நாம் அவருடைய தமிழைப் பற்றி என்ன வைத்திருக்கிறோம்? விளையாட்டுக்குச் செய்தாலும் இகழ்ச்சி கசக்கும் என்பது நம் வள்ளுவர் பண்புடைமையில் சொன்னது. நாம் அதைப் பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம்.

எல்லை என்பது நமக்கு விளையாட்டுச் சொல்லும் இல்லை. அப்பாவின் அண்ணனுக்குச் சிவப்பு ஐசி. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றாயிற்று, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். பெரியப்பாவும் அப்படித்தான், போர்ட் சுவெட்டன்ஹாமில் ‘ராஜுலா’வில் ஏறினார். இங்கேயே பிறந்தவர், தமிழ்நாட்டில் அவருக்கு யாரையும் தெரியாது. அதற்கப்புறம் திரும்பி வரவே இல்லை. அவருடைய கடிதங்களைத் தம்பி வீட்டில் ஒரு மைலோ டின்னில் வைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நம் வீட்டு டின்னில் எழுதியே இருக்கிறது. அதன் பிறகும் சாம்பார் வாளிக்காரரைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது என்றால், துன்பப்பட்டவனுக்குத் தானாக இரக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் கைவிட்டுவிட வேண்டியதுதான். பட்ட துன்பம் யாரையும் முயல் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. வேலிக்குள் ஒரு இடம் கிடைத்ததும் தொப்பியைத்தான் தேடுகிறோம்.

அப்படியென்றால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? என் நண்பர் ஒருவர் ஒன்றும் சொல்லக் கூடாது என்கிறார். ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஸ்டாலினையும் பிரிக்ஸ் திட்டத்தையும் கொட்டினால் அது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை, சிரிப்பும் போகும், வரலாறும் ஏறாது என்பது அவர் கட்சி. வேறு சிலர் பார்க்கும் முன்னாலேயே விளக்கம் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். சிரிப்பதற்கு முன்னால் பாடம் கேட்ட பிள்ளை அப்புறம் சிரிக்காது. நான் பார்த்த வரையில் அப்பா இரண்டையும் செய்யவில்லை.

பேத்தி கேட்டாள், பிந்தாங் தீகா என்றால் என்ன என்று. அவர் விளக்கம் சொல்லவில்லை. ஒரு கதை சொன்னார். தோட்டத்து வாசலில் ஒரு ஜாகா, பெரிய மீசை, பெரிய தொப்பி. போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி அரிசி இருக்கிறதா என்று பார்ப்பான். ஒரு மாமாவிடம் பழைய சைக்கிள் இருந்தது. காற்றடிக்கிற பம்புக்குள் அரிசியைக் கொட்டி அடைத்துக்கொண்டு தினமும் வாசலைத் தாண்டிப் போவார். ஒருநாள் ஜாகாவின் சைக்கிளுக்கே காற்று இறங்கிவிட்டது. மாமாவைக் கூப்பிட்டு, “தம்பி, அந்தப் பம்பைக் கொடு” என்றான்.

“அப்புறம்?” என்றாள்.

“அடிச்சான். புஸ்ஸுன்னு அரிசியா வந்துச்சி.”

பிள்ளை மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்து சிரித்தாள். மாஷாவுக்குச் சிரித்ததைவிட அதிகம். அப்பாவும் சிரித்தார். அந்த மாமாவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அரிசி கொண்டுபோனதற்கு அன்றைக்குத் தண்டனை என்ன என்பதும் தெரியும். அப்பா அதைச் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கதையில் ஒன்று மாறியிருந்ததைக் கவனித்தேன். தொப்பி இருக்கிறது, வேலி இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, இந்த முறை சிரிப்பு வேலிக்கு வெளியே போக வேண்டியவனுடையது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கைப்பேசியை மறுபடி எடுத்து அதே பகுதியை வைத்தாள். முயல் வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினாள்.

“தாத்தா, முயலுக்குச் சைக்கிள் இல்லையா?”

“இல்ல போலருக்கே.”

“அப்ப யாரு வீட்டுக்குக் கேரட் கொண்டு போறது?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். அதற்குள் அவள் மறுபடி ஓடவிட்டிருந்தாள்.